கிளியருங்க

“லைன் கிளியரா?” என்று சம்பத் கேட்டான். கேட்டவன் தலையை நிமிர்த்தவில்லை. வெயில் படாமல் இருக்க டேப்லெட்டுக்கு மேலே கறுப்புத் துணிக்கூண்டு ஒன்றை மாட்டி, அதற்குள் முகத்தை விட்டுக்கொண்டு, தொட்டியில் தலை விட்ட மாடு மாதிரி நின்றான். அவன் வேலை அப்படி. ஆறு விசிறி வைத்த அந்தப் பெரிய ட்ரோன் காட்டுக்கு மேலே கோடு கோடாக, உழவு ஓட்டுவது போல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வரும். அதன் வயிற்றில் தொங்கும் லேசர் கருவி விநாடிக்கு லட்சக்கணக்கில் ஒளிக்கீற்றைக் கீழே இறக்கும். இலைக்கும் இலைக்கும் நடுவே இருக்கிற சந்து வழியாக அது தரை வரைக்கும் போய் முட்டித் திரும்ப, எந்த மரம் எவ்வளவு உயரம், கொப்பு எவ்வளவு அகலம் என்று கணக்கு விழும். ஒரு மரத்தைக்கூடத் தொடாமல் ஒரு காட்டையே அளந்துவிடலாம். ஆனால் பறக்க விடுகிறவன் கண் மட்டும் ஸ்கிரீனை விட்டு அகலக் கூடாது. அதனால்தான் பக்கத்தில் வானத்தைப் பார்க்க இன்னொரு ஆள். கழுகு வருகிறதா, மேகம் கறுக்கிறதா, மரம் எதுவும் குறுக்கே நிற்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு லைன் திரும்பும்போதும் அந்த ஆள் ‘கிளியர்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த லைன் ஓடும், சொல்லாவிட்டால் ட்ரோன் அந்தரத்தில் நிற்கும். சம்பத்துக்கு அந்த ஆள் அவன் பெண்டாட்டி திலகவதி. அவள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, “கிளியருங்க” என்றாள். பச்சைப் பொய்.

பைனாகுலருக்குள் அந்த மரம் நின்றது. அவர்கள் நிற்கிற கூந்தப்பாறைக்கு நேர் எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம், கரையை ஒட்டின ஒரு மேட்டில், மற்ற மரமெல்லாம் தன் இடுப்புக்குக் கீழே நிற்கத் தான் மட்டும் எழும்பி நின்றது. உச்சிக் கொப்புகளுக்கு அடியில் கறுப்பாக, அடை அடையாக என்னவோ தொங்கியது. முறம் அளவுக்கு ஒன்று, அதைவிடப் பெரிதாக ஒன்று, அதற்குப் பின்னால் இன்னும் எத்தனையோ. பட்டை உரிந்து தொங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் அந்தக் கறுப்பின் மேல் ஒரு அலை ஓடியது, உடம்பு சிலிர்த்துக்கொள்கிற மாதிரி. மலைத்தேனீ. ஒவ்வொரு அடையிலும் ஆயிரக்கணக்கில். முதல் லைனிலேயே பார்த்துவிட்டாள். பார்த்த உடனே ‘ஏனுங்க’ என்று சொல்ல நாக்கு புரண்டுவிட்டது, சத்தியமாகப் புரண்டுவிட்டது, அதற்குள் அவன் “லைன் கிளியரா?” என்று கேட்டுவிட்டான், இவள் “கிளியருங்க” என்றுவிட்டாள். எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? பக்கத்தில் வேறு யாரோ நின்று சொன்னது போலத் திரும்பிக்கூடப் பார்த்தாள். யாரும் இல்லை. பாறை, வெயில், ஜீப், அவன் முதுகு. சரி, முதல் லைன் தூரத்தில்தானே போனது, அதில் பொய் என்ன இருக்கிறது? இரண்டாவது கொஞ்சம் கிட்டே. அடுத்தது இன்னும் கிட்டே. கடைசி லைன் அந்த மரத்தின் தலைக்கு மேலேயே போகிறது. ஒரு ஆள் உயரம்கூட இடைவெளி இருக்காது. ஆறு விசிறிக் காற்றும் அப்படியே அடைமேல் கொட்டும். சும்மா இருக்குமா? கிளம்பும். கிளம்பி அந்த இரைச்சலைத் துரத்தும். இரைச்சல் எங்கே போகும்? கடைசி லைன் முடிந்ததும் எழும்பின இடத்துக்கே திரும்பி வந்து உட்காருவதுதான் அதற்குப் போட்டிருக்கிற உத்தரவு. எழும்பின இடம் பாறைமேல் விரித்த மஞ்சள் படுதா. படுதாவுக்குப் பக்கத்தில் சம்பத். அவளும்தான் நிற்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் நாலு எட்டில் ஜீப், கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கிறது, ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அவன் ஓடமாட்டான். தலை கூண்டுக்குள் இருக்கிறது, காது முழுக்க விசிறிச் சத்தம். பிடரியில் முதல் கொட்டு விழும்போதுதான் அவனுக்குச் சங்கதி தெரியும்.

அவனுக்கு ஒரு கொட்டே போதும், அதுதான் விஷயம். காபி எஸ்டேட்டில் நிழல் மரங்களை அளக்கப் போயிருந்தபோது ஒரே ஒரு தேனீ, இந்த ராட்சசக் கூட்டம் இல்லை, பூவில் உட்காருகிற சின்னத் தேனீ, காதுக்குக் கீழே கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அவன் முகம் அவன் முகமாக இல்லை. கண் இரண்டும் மூடிக்கொண்டது, உதடு கிழிந்துவிடுகிற மாதிரி ஊதிப்போனது, நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை, மூச்சு விசில் அடித்தது. அவள்தான் ஜீப்பை எடுத்தாள். அதுவரைக்கும் மைதானத்தில் மட்டும் ஓட்டியிருந்தவள் கொண்டை ஊசி வளைவில் ஓட்டினாள், ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை அவன் நெஞ்சில். ‘செத்துராதீங்க, செத்துராதீங்க’ என்று தொண்டை கிழிய மலை முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு போனாள். டாக்டர் சொன்னார், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் அம்மா, அடுத்த தடவை கொட்டினால் இதைவிட மோசமாகப் போகும், இந்த ஊசியை எப்போதும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்று. கண் விழித்தவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். “நீ இல்லைன்னா நான் இல்லடி” என்றான். நம்பினாள், மடச்சி, மனசு குளிர நம்பினாள். அந்த வாரம் தாண்டவில்லை. அன்றைக்கு வளைவில் ஜீப் பம்பரைக் கல்லில் உரசியிருந்தாளாம், அதற்காகப் பேட்டரிப் பெட்டியின் இரும்பு மூடியை அவள் விரல்மேல் சாத்தினான். கை தவறி இல்லை. சாத்திவிட்டு மேலே உள்ளங்கையை வைத்து அமுக்கினான், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அமுக்கினான். நகம் கறுத்து உதிர்ந்தது, எலும்பு கோணலாகவே கூடியது. அந்த விரல்தான் இப்போது பைனாகுலரின் திருகைத் திருகுகிறது. அந்த ஊசி அவள் இடுப்புப் பையில்தான் இருக்கிறது. கர்ச்சீப்பைக்கூட எடுத்துக்கொடுக்க வேண்டிய ஆம்பளை ஊசியையா சுமப்பான்? உயிரை அவள் இடுப்பில் கட்டிவிட்டு, அதே இடுப்பில் உதைக்கிறவன். “லைன் கிளியரா?” “கிளியருங்க.”

வலது காதில் இரைச்சல். ட்ரோன் இரைச்சலா, நேற்று விழுந்த அறையின் இரைச்சலா, பிரிக்க முடியவில்லை. நேற்றுச் சாயந்திரம் கெஸ்ட் ஹவுஸில் இன்றைக்கு எவ்வளவு உயரத்தில் பறப்பது என்ற பேச்சுத்தான். ஒளி முட்டின இடத்துக்கெல்லாம் ஒன்றாகக் கருவி கொண்டு வருகிற கோடிக்கணக்கான புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் மரம் மரமாகப் பிரிக்கிறவள் அவள். முந்தின ஃபிளைட்டில் இலை அடர்த்தியால் தரை சரியாக விழவில்லை. தரை தெரியாவிட்டால் மரத்தின் உயரத்தை எங்கிருந்து அளப்பது? அப்போ தாழ்வாகப் பறக்கலாம் என்றான். சரிதான். ஆனால் அந்த மேட்டுக்கு நம்மிடம் இருக்கிற வரைபடம் பழசுங்க, மேடு அதைவிட உயரமாக இருக்கலாம், அதுமேல் பெரிய மரம் ஏதாவது நின்றால் தட்டுங்க, கொஞ்சம் ஏத்தி வையுங்க என்று சொன்னாள். எவ்வளவு பணிவாகச் சொன்னாள்! ‘ங்க’ போட்டு, ‘ங்க’ போட்டு, தோசையை அவன் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள். தட்டு பறந்தது. சட்னி சுவரில் வழிந்தது. அறை விழுந்ததில் கடைவாய்ப் பல் கன்னத்தைக் கிழித்தது, ரத்தத்தைத் துப்பக்கூட விடாமல் முடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். “பிளான் போடறது என்ற வேலை. வானத்தப் பாக்கறது உன்ற வேலை. நான் கேட்டா கிளியர்னு சொல்லு, இல்லாட்டி இல்லைன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்துது, வாயில பல்லு இருக்காது பாத்துக்கோ.” ரத்தத்தை முழுங்கிவிட்டுச் ‘சரிங்க’ என்றாள். இன்றைக்கு அப்படியே நடக்கிறாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பெண்டாட்டி. வானத்தைப் பார்க்கிறாள், கேட்டால் ஒரு வார்த்தை சொல்கிறாள், அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. எவ்வளவு அழகாக வாய்த்தது! நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரித்தால் கிழிந்த கன்னம் வலித்தது. அந்த லேசரை அவள்மேல் இறக்கிப் பார்த்தால் என்ன காட்டும்? மரத்தில் பொந்து இருந்தால் காட்டும், முறிந்த கொப்பைக் காட்டும். இவளைப் பொறுத்தவரை உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, அவ்வளவுதான். விலாவில் கறுத்துக் கிடப்பதும் முதுகில் பெல்ட் பட்டுத் தடித்திருப்பதும் அதில் விழாது.

அறைக்காகவா ஒருத்தி புருஷனைக் கொல்லுவாள்? நான் எங்கே கொல்கிறேன், தேனீதானே. இல்லை, நீதான், நீயேதான் திலகா, யாரை ஏமாற்றுகிறாய்? அறை அவளுக்குப் புதுசா என்ன, கல்யாணமான மாசத்திலிருந்து வாங்குகிறாள். அறைக்குக் கணக்கு வைக்கிற வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டாள். ஒரு தடவை அம்மா வீட்டுக்கு ஓடிப்போனாள், வந்தான், அம்மா காலில் விழுந்து கண்ணீர் விட்டான், ஊரே ‘தங்கமான மனுசன்’ என்றது, கூட்டிக்கொண்டு போகிற வழியில் ஆள் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அடித்தான். அதெல்லாம் பழகிப்போனது. பழகாதது போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பொண்ணு மித்ரா, ஏழு வயசு, கழற்றி வைத்திருந்த விசிறி ஒன்றை எடுத்துச் சுற்றி விளையாடினாள், கீழே போட்டுவிட்டாள், ஓரத்தில் ஒரு கீறல். பேட்டரி சார்ஜர் செங்கல் கனம் இருக்கும், அதைத் தூக்கி வீசினான். குழந்தையின் புருவம் கிழிந்து, வெள்ளையாக உள்ளே எதுவோ தெரிந்து, அப்புறம்தான் ரத்தம் வந்தது, வந்தால் நிற்கவில்லை, கண்ணு போயிருச்சு கண்ணு போயிருச்சு என்று திலகவதி தரையில் புரண்டாள். கண் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டாள். திலகவதி வாய் திறப்பதற்குள் குழந்தை சொன்னது, “மாடிப்படில விழுந்துட்டனுங்க சிஸ்டர்.” அவர்கள் வீட்டில் மாடியே இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வதைக் கேட்டுக் கேட்டே பழகிக்கொண்டது. ஊசி குத்தித் தையல் போடும்போது அந்தப் பிஞ்சு அழவே இல்லை. அந்த அழாத முகத்தைப் பார்த்தபோது திலகவதிக்கு அடிவயிற்றில் ஏறின சூடு இன்றைக்கு வரைக்கும் இறங்கவில்லை. சாகட்டும். ஆமாம், சாகட்டும், நாக்கைத் தள்ளிக்கொண்டு சாகட்டும். இவ்வளவு வெளிப்படையாக மனசுக்குள் சொன்னதும் ஒரு நிம்மதி வந்தது, பயமாகவும் இருந்தது. “லைன் கிளியரா? என்னடி, தூங்கறியா?” “கிளியருங்க, கிளியருங்க.”

ட்ரோன் திரும்பியது. அதன் நிழல் மரத்தலைகள்மேல் ஏறி இறங்கிப் போனது. இப்போது மரத்துக்கும் அதற்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை. அடைமேல் அலை அடிக்கடி ஓடுகிறது, கேட்டுவிட்டது போல, காது கொடுத்துக் காத்திருக்கிறது போல. காலையில் வருகிற வழியில் செந்நாய்க் கூட்டம் ஒரு மானைத் தின்றுகொண்டிருந்தது. கொன்றுவிட்டுத் தின்னவில்லை, நிற்க வைத்தே தின்றது. மான் நின்றுகொண்டிருக்கிறது, பின்தொடை இல்லை, குடல் தரையில் இழுபடுகிறது, அது இன்னும் தலையைத் தூக்கிக் காதை ஆட்டுகிறது. சம்பத் ஜீப்பை நிறுத்தி செல்லில் படம் பிடித்தான். “பாரு பாரு, எப்படி நிக்குது பாரு” என்று அவள் தொடையில் தட்டினான். அவளுக்கு மானைப் பார்க்க முடியவில்லை, அந்தக் காதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மானுக்குப் பதிலாக அவன் நிற்கிறான். பிடரியில் ஒன்று, காதில் ஒன்று, இமையில், உதட்டில், சட்டைக்குள்ளே, கறுப்பாக அவன்மேல் ஒரு சட்டை போட்ட மாதிரி ஏறும். கூண்டை விசிறி எறிவான். ‘திலகா, ஊசி, ஊசி’ என்று கத்துவான். அவள் ஜீப்புக்குள் உட்கார்ந்திருப்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கை வந்து அறையும், அறைந்து பழகின கை, கண்ணாடியில் அறையட்டும். அவள் ஊசியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். நகம் உதிர்ந்த விரலால் மூடியைக் கழற்றி, மறுபடி மூடி, கழற்றி, மூடி. அந்தக் கை மெல்ல மெல்லக் கண்ணாடியில் வழுக்கி இறங்கும். அப்புறம் சத்தம் இல்லை. அப்புறம் கூட்டம் கலையும். அப்புறம் அவள் இறங்கிப்போய் அழ வேண்டும். அழுகை வருமா? வரும், வராமல் என்ன, பத்து வருஷம் கூடப் படுத்த உடம்பு. ஊசி எங்கே என்று கேட்பார்கள். எடுக்கறதுக்குள்ள கூட்டம் மொய்ச்சிருச்சுங்க. மாமியார் மண்ணை வாரித் தூற்றுவாள். மித்ராவிடம் என்ன சொல்வது? அப்பா எங்கம்மா? அப்பாவைத் தேனீ கொட்டிடுச்சு கண்ணு. நீ சொல்லலையாம்மா? குழந்தை அப்படிக் கேட்காது. கேட்டால்? குழந்தைக்குத்தான் பொய் இப்போது தானாகவே வருகிறதே, பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கும் ஒன்று சொல்லிக்கொடுக்கும், மாடிப்படியில விழுந்துட்டாருன்னு சொல்லும்மா என்று. ஐயோ கடவுளே, நான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. ‘ஏனுங்க, மரத்துல தேன் இருக்குதுங்க.’ இவ்வளவுதான், மூச்சு விடுகிற நேரம். சொன்னால் என்ன ஆகும்? ‘இவ்வளவு நேரம் என்ன புடுங்கினே’ என்பான், அறைவான். சொல்லாவிட்டால் அறைய ஆள் இருக்காது. இரண்டு பக்கமும் பார்த்தாள். தராசு ஒரு பக்கம்தான் சாய்ந்தது. கடைசிக்கு முந்தின லைன் முடிந்து ட்ரோன் கோடியில் நின்றது. “கடைசி லைன். கிளியரா?” அவள் பைனாகுலரைக் கொஞ்சம் இறக்கி அவன் பிடரியைப் பார்த்தாள். சிவந்து, வேர்த்து, முடிவெட்டு புதுசாக இருந்தது. நேற்று முன்தினம்தான் வெட்டிக்கொண்டு வந்தான், ‘நல்லாருக்குதா’ என்று அவளிடம்தான் கேட்டான். “கிளியருங்க” என்றாள்.

ட்ரோன் கிளம்பியது. அவள் ஜீப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு. அப்போது தோளில் மாட்டியிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. யானை வந்தால் குரல் கொடுக்கக் கீழே ரோட்டோரம் நிற்க வைத்திருந்த ஃபாரஸ்ட் வாட்சர் சடையனின் குரல். “அம்மா, ரோட்டுல ஒண்ணுமில்லீங்க. நா ஓடைக்கு எறங்கிட்டனுங்க. தண்ணி ஜில்லுனு இருக்குது, உங்களுக்கும் புடிச்சிட்டு வாரனுங்க.” ஓடை. எந்த ஓடை? அவள் பைனாகுலரை வெடுக்கென்று கண்ணில் வைத்தாள். மரம், அடை, கீழே, கீழே, இலை, இலை, இலைச் சந்தில் ஒரு துண்டு காக்கி. அந்த மரத்துக்கு நேர் அடியில், ஓடைக்கல்லில் குந்தி உட்கார்ந்து கேனைத் தண்ணீரில் சாய்த்திருந்தான். அவனுக்கு மேலே கறுப்பு அடைகள், அதற்கும் மேலே வந்துகொண்டிருந்தது ட்ரோன். காலையில் ஜீப்பில் ஏறும்போது சடையன் அவள் கன்னத்தைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இலையைப் பிரித்து வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை நீட்டி, “இது சாப்புடுங்கம்மா, நல்லா கொழைய வெந்திருக்குது, கடிக்க வேண்டீதில்ல” என்றான். கடிக்க முடியாது என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. அவன் எங்கே ஓடுவான்? ஜீப் இல்லை, கண்ணாடி இல்லை. ஓடைப் பள்ளத்தில் வழுக்குப் பாறை, சட்டென்று மேலே ஏறவும் முடியாது. முதல் கூட்டம் அவன்மேல்தான் இறங்கும். அவன் செத்தால்? கண்ணுக்குள் காலையில் பார்த்த மானின் காது ஆடியது. இல்லை, அவன் வேண்டாம், அவன் வேண்டாம், அவனை விட்டுவிடுங்கள். யாரிடம் கெஞ்சுகிறாள்? இங்கே முடிவு செய்கிறவள் அவள் ஒருத்திதானே. “நிறுத்துங்க!” என்று அலறினாள். “நிறுத்துங்க, தேன் இருக்குது, மரத்துல தேன் இருக்குது, மேல ஏத்துங்க, ஏத்துங்க!” அதே மூச்சில் வாக்கிடாக்கியில், “சடையண்ணா, கேனப் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடுங்க, ஓடுங்க!”

சம்பத் நல்ல பைலட், அதில் குறை சொல்ல முடியாது. கேள்வி கேட்காமல் நிறுத்தினான், நிறுத்தின கையோடு செங்குத்தாக மேலே ஏற்றினான். அடையிலிருந்து ஒரு கறுப்புத் துணி கழன்று காற்றில் பிரிந்தது, சுற்றியது, கொஞ்ச தூரம் ட்ரோனைத் தேடி ஏறியது. அவன் இன்னும் ஏற்றினான். அது தயங்கியது, திரும்பி மரத்தோடு ஒட்டிக்கொண்டது. கீழே ரோட்டில் காக்கிச் சட்டை தெரிந்தது, முழங்கால்மேல் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு. திலகவதி பாறையில் உட்கார்ந்துவிட்டாள். ட்ரோன் பெரிதாகச் சுற்றிக்கொண்டு வந்து மஞ்சள் படுதாவில் இறங்கியது, விசிறிகள் ஓய்ந்தன, காது இரைச்சல் மட்டும் ஓயவில்லை. சம்பத் கூண்டைக் கழற்றிப் போட்டான். அவள் கையிலிருந்து பைனாகுலரை வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் வெளிறிப்போனது. “ஐயையோ” என்றான். “ஐயையோ, ஒரு ஊரே இருக்குதேடி. மேல போயிருந்தா நேரா என்ற மேல வந்து எறங்கியிருக்குமே.” பைனாகுலரை இறக்கிவிட்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது. நிஜக் கண்ணீர்தான், அவன் கண்ணீர் எப்போதும் நிஜம்தான், அதுதான் அவனிடம் இருக்கிற பெரிய கொடுமை. அறைந்த கன்னத்தை அறைந்த கையால் தடவினான். “என்ற சாமி. ரெண்டாந்தடவ காப்பாத்திட்டடி. உன்னய மாதிரி ஒருத்தி எவனுக்குக் கெடைப்பா? இனிமே உன்மேல கை வெச்சா நான் மனுசனே இல்ல, மித்ரா மேல சத்தியம்.” கை சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் கன்னத்துக்குள் இருந்த புண் விண்விண்ணென்று தெறித்தது. மித்ரா மேல் சத்தியம். அந்தப் பெயரை அவன் வாயில் கேட்டபோது அவளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்ததெல்லாம் நின்றுபோனது. பயம் எங்கே என்று தேடினாள், இல்லை. இந்தத் தடவை சத்தியம் எத்தனை நாள் தாங்கும்? அடுத்த வாரம் வரைக்கும் வருமா? அடுத்த சார்ஜர் வரைக்குமா?

“நல்ல கண்ணுடி உனக்கு” என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. “கடைசி நிமிசத்துல எப்படிப் பாத்தே?”

ஆமாங்க, இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு என்று சொல்லியிருக்கலாம். நாக்குக்குப் பழகின பொய், வந்து நுனியில் தயாராக நின்றது. அதைச் சொல்லிவிட்டால் இன்றைக்குச் சாயந்திரம் பரோட்டா வாங்கிக்கொடுப்பான், ஒரு வாரம் நல்லவனாக இருப்பான். அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“முதல் லைன்லயே பாத்துட்டனுங்க” என்றாள்.

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. இன்னும் உள்ளே போகவில்லை. “எது? மரத்தையா?”

“தேனைங்க.”

“அப்பறம் ஏன் லைனுக்கு லைன் கிளியர்னு சொன்னே?”

விஷயம் அவன் முகத்தில் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு முதலில் உதட்டோரத்தில் செத்தது, அப்புறம் கண்ணில். கன்னத்தில் இருந்த கை கனத்தது, பிறகு அங்கே இல்லை.

“இப்ப மட்டும் ஏன் சொன்னே?” என்று கேட்டான். குரல் அவன் குரலாக இல்லை.

“சடையண்ணன் அடியில நின்னாருங்க” என்றாள். “அதனால சொன்னனுங்க.”

அவன் எழுந்தான். கை உயர்ந்தது. அவள் தோளைக் குறுக்கவில்லை, கண்ணை மூடவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். அது பாதி வழி வந்து, போக்கிடம் தெரியாமல் நின்று, திரும்பிப்போய் அவன் கழுத்தையே பிடித்துக்கொண்டது. அவள் எழுந்து சுடிதாரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். ட்ரோனிடம் போய்ச் சூடு ஆறாத பேட்டரியைக் கழற்றினாள். “அந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்குதுங்க. அடுத்த பேட்டரி போட்டறட்டுங்களா?” என்று கேட்டாள். அவன் கழுத்தைப் பிடித்த கையை எடுக்காமல், அவளுக்கு முதுகைக் காட்டாமல், பின்னாலேயே ஒவ்வொரு எட்டாக வைத்து ஜீப்புக்குப் போனான்.